பிளாஸ்மாவில் நைட்ரஜன் நிலைநிறுத்தம்: நிறமாலை கொண்டு அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

காற்றில் உள்ள நைட்ரஜனை மின்சாரத்தால் உடைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகவோ அமோனியாவாகவோ மாற்றும் சோதனைகளில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தால் அயனியாகிய வாயு, பளிச்சென்று ஒளிர்கிறது. ஃபைபரை நீட்டியதும் நிறமாலை கிடைக்கிறது. அதிலுள்ள உச்சங்களின் உயரத்தை வைத்தே எவ்வளவு நைட்ரஜன் நிலைநிறுத்தப்பட்டது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஒளி பிளாஸ்மாவின் நிலையைத்தான் சொல்லும், விளைச்சலைச் சொல்லாது.

அதனால் இங்கே முதலில் விளைபொருளை உட்கவர் நிறமாலையால் (வாயு விழுங்கும் ஒளியைக் கொண்டு) எண்ணுகிறோம், பிறகே உமிழ் நிறமாலைக்கு (பிளாஸ்மா வெளியிடும் ஒளிக்கு) போகிறோம். விளைச்சல் எண் கையில் இல்லாமல் வெப்பநிலையையும் மின்புலத்தையும் கணக்கிட்டால், எதை விளக்கப் போகிறோம் என்பதே தெரியாமல் போகும். எடுத்துக்காட்டாக வளிமண்டல அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி இயக்கும் கிளைடிங் ஆர்க் உலையை, அதாவது நகரும் மின்வில் உலையை, எடுத்துக்கொள்கிறேன். டிபிடி வகை உலைக்கும் (மின்முனைகளுக்கு இடையே மின்கடத்தாத் தடுப்பு வைத்த மின்னிறக்க உலை, DBD) அமோனியாவுக்கும் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று முதலில் எழுதுங்கள்

எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் உருவாயின என்பது கேள்வியானால், உலைக்குப் பின்னால் வாயு செல் வைத்து அகச்சிவப்பு அல்லது புறஊதா உட்கவர்ச்சியை அளக்க வேண்டும். வாயு எவ்வளவு சூடு என்பது கேள்வியானால், உமிழ்வுப் பட்டையின் சுழற்சி அமைப்பைப் பொருத்திப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான்களின் ஆற்றல் எவ்வளவு என்பதற்கு உமிழ்வு விகிதங்கள் ஓரளவு உதவும். அதிலும் பல நிபந்தனைகள் உண்டு.

நைட்ரஜன் மூலக்கூறின் அடிநிலையில் அதிர்வு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி நைட்ரிக் ஆக்சைடு தரும் வினைக்குச் சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தடை இருக்கிறது. அந்தத் தடையைத் தாண்ட அதிர்வு ஆற்றல் உதவுகிறது என்பதால்தான் எல்லோரும் இதை அளக்க விரும்புகிறார்கள். சாதாரண உமிழ்வு அளவீட்டுக்கு இந்தக் கேள்வி எட்டாது. ஏன் என்பதை 9ஆம் பகுதியில் பார்ப்போம்.

## 2. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

பாதுகாப்பு. நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் 1% நைட்ரஜன் ஆக்சைடு என்றால் வெளியேறுவது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) செறிவுள்ள வாயு. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் குறுகியகால வரம்பு 1 பிபிஎம்தான். இதன் நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். உடனே எதுவும் தெரியவில்லை என்பதை நம்பிவிடக் கூடாது. வெளியேறும் குழாய் ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (fume hood) போகட்டும். காரக் கரைசலில் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்: நைட்ரிக் ஆக்சைடு மட்டும் தனியாக வந்தால் காரம் அதைப் பிடிக்காது. உயர் மின்னழுத்தமும் புறஊதா ஒளியும் இருப்பதால் தரையிணைப்பும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம்.

ஒளிப்பாதை. உலையின் சாளரம், லென்ஸ், ஃபைபர் மூன்றும் புறஊதாவைக் கடத்தும் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி 300 நா.மீ.க்கு (நானோமீட்டர்) கீழே ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அங்கேதான் நைட்ரிக் ஆக்சைடின் காமா பட்டைகள் இருக்கின்றன. 'என் உலையில் நைட்ரிக் ஆக்சைடு உமிழ்வே இல்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது சாளரம் எதில் செய்தது என்றுதான்.

நிறமாலைமானிகள். 200 முதல் 900 நா.மீ. வரை பார்க்கும் சிறிய கருவி ஒன்று, அடையாளம் காண. 0.1 நா.மீ. அல்லது அதைவிட நுணுக்கமான பிரிதிறன் உள்ள கருவி ஒன்று, வெப்பநிலைக்கு. இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

வாயு செல். சாளரப் பொருளை முன்பே யோசியுங்கள். பொட்டாசியம் புரோமைடு ஈரத்தில் மங்கும். கடலோர ஊரின் காற்றில், அதுவும் நைட்ரிக் அமில ஆவியோடு, அது வெகுநாள் தாங்காது. கால்சியம் ஃபுளோரைடு உறுதியானது. நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு மூன்றையும் காட்டும். ஆனால் 1,000 செ.மீ⁻¹ (அலையெண், ஒரு செ.மீ.யில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பக்கம் அது ஒளிபுகாது. அமோனியாவின் 931, 967 செ.மீ⁻¹ உச்சங்களும் ஓசோனின் 1,055 செ.மீ⁻¹ பட்டையும் அங்கே தெரியவே தெரியா.

குழாய்கள். டெஃப்லான் வகை மட்டும். ரப்பர், சிலிக்கோன் குழாய்கள் நைட்ரஜன் டை ஆக்சைடை உறிஞ்சி, பிறகு மெல்லக் கக்கும். நேற்றைய வாயு இன்றைய அளவீட்டில் வந்து நிற்கும்.

அளவுத்திருத்தத் துணைகள். பாதரச-ஆர்கான் விளக்கு, திறன் பரவல் தெரிந்த டியூட்டீரியம்-டங்ஸ்டன் விளக்கு, சான்றளிக்கப்பட்ட நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு உருளைகள், அவற்றை நீர்க்கச் செய்ய இரண்டு நிறை ஓட்டக் கட்டுப்படுத்திகள்.

## 3. பிளாஸ்மாவை ஏற்றாமல் ஒரு முழு அளவீடு

வாயு ஓடட்டும், மின்சாரம் வேண்டாம். அகச்சிவப்பு, புறஊதா, உமிழ்வு மூன்றையும் உண்மையான சோதனைக்குரிய அதே நேரத்துக்கு எடுத்து வையுங்கள்.

வாயுவோடு வரும் ஈரம், கார்பன் டை ஆக்சைடு, குழாயில் தங்கிய மிச்சம் எல்லாம் இதில் வெளிப்படும். அடுத்து, நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானைச் செலுத்தி பிளாஸ்மாவை ஏற்றி ஒரு முறை அளக்கவும். அப்போதும் நைட்ரஜன் சேர்மம் வந்தால் கசிவோ சுவரில் ஒட்டிய மிச்சமோ இருக்கிறது என்று பொருள். நைட்ரஜன் ஆக்சைடு சதவீத அளவில் வரும் உலையில் இது சிறு திருத்தம். அமோனியா சில பிபிஎம் அளவில் வரும் உலையிலோ முடிவையே மாற்றிவிடும்.

## 4. விளைபொருளை அகச்சிவப்பில் எண்ணுதல்

நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பை உட்கவராது. அதனால் விளைபொருள்கள் மட்டும் தனியாகத் தெரிகின்றன. எஃப்டிஐஆர் (FTIR) என்னும் அகச்சிவப்பு நிறமாலைமானியில் தேட வேண்டிய இடங்கள் இவை: நைட்ரிக் ஆக்சைடு 1,876 செ.மீ⁻¹ மையமாக; நைட்ரஜன் டை ஆக்சைடு 1,617 அருகே; நைட்ரஸ் ஆக்சைடு 2,224; நைட்ரிக் அமிலம் 1,709, 1,325, 879; ஓசோன் 1,055.

நீராவியை விலக்குங்கள். 1,400 முதல் 1,900 செ.மீ⁻¹ வரை நீராவியின் கோடுகள் அடர்ந்து கிடக்கும். நைட்ரிக் ஆக்சைடுக்கு 1,900க்கு மேலே உள்ள கிளைக் கோடுகளை எடுத்தால் பெரும்பகுதி தப்பிக்கலாம். நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்திருந்தால் 1,617ஐ விட்டுவிட்டு 2,900 அருகிலுள்ள வலுக்குறைந்த பட்டைக்குப் போங்கள். அங்கே நீராவி இல்லை, பட்டையும் உச்சியில் தட்டையாகாது.

ஈரத்தைப் போக்க வாயுவைக் குளிர்பொறி வழியாக விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். நீரோடு நைட்ரிக் அமிலமும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அங்கேயே தங்கிவிடும். எண்ண வந்த பொருளையே தொலைத்துவிடுவோம்.

நேர்கோட்டை நம்பாதீர்கள். இதில்தான் மிக அதிகமானோர் விழுகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடின் ஒரு கோட்டின் அகலம் சுமார் 0.1 செ.மீ⁻¹. கருவியின் பிரிதிறன் 0.5 அல்லது 1 செ.மீ⁻¹ என்றால், உண்மைக் கோடு ஆழமாக உட்கவர்ந்து ஏறக்குறைய நிறைவடைந்திருந்தாலும் திரையில் சிறிய குழிதான் தெரியும். பீர்–லாம்பர்ட் விதி (உட்கவர்ச்சி செறிவுக்கு நேர்விகிதம் என்பது) ஒவ்வொரு கோட்டுக்கும் சரியாகவே நடக்கிறது. கருவி சராசரி எடுத்துத் தருவதற்கு நடக்காது. செறிவை இரட்டித்தால் உச்சம் இரட்டிக்காது.

10 செ.மீ. செல்லில் 1% வரை இது அடக்கமாக இருக்கும். பல மீட்டர் பாதை கொண்ட செல்லில் ஆயிரம் பிபிஎம்மிலேயே வளைவு தொடங்கிவிடும். தீர்வு இரண்டு. ஒன்று, உருளை வாயுவை ஐந்தாறு செறிவுகளில் நீர்த்து உங்கள் கருவிக்கே உரிய வளைகோட்டை வரைவது. மற்றொன்று, மூலக்கூறுகளின் உட்கவர் கோடுகளைத் தொகுத்த ஹிட்ரான் (HITRAN) தரவுத்தளத்திலிருந்து நிறமாலையைக் கணித்து, கருவியின் பிரிதிறனைச் சேர்த்துப் பொருத்துவது. இரண்டையும் செய்து ஒப்பிடுவதே நல்லது. ஒரே ஒரு செறிவில் அளந்து நேர்கோடு போடுவது எந்த நிலையிலும் கூடாது.

செல்லின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். உலையிலிருந்து சூடாக வரும் வாயு செல்லில் 60 டிகிரியில் நின்றால், 25 டிகிரியில் வரைந்த வளைகோடு மூலக்கூறு எண்ணிக்கையை ஒரு பத்து சதவீதம் குறைத்துக் காட்டும்.

காத்திருக்கும் நேரம். 2 லிட்டர் செல்லில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ஒரு நிரப்பலுக்கு 24 நொடி. குறைந்தது ஐந்து நிரப்பல் காலம் விட்ட பிறகே அளக்கவும். அடுத்தடுத்த மூன்று நிறமாலைகள் ஒத்துப்போனால்தான் நிலைபெற்றது என்று கொள்ளலாம்.

வழியிலேயே வேதியியல் நடக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து டை ஆக்சைடாக மாறும் வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் இருமடிக்கு ஏற்ப ஏறும். காற்றில் 1% நைட்ரிக் ஆக்சைடு பாதியாகக் குறையச் சுமார் 20 நொடி போதும். 100 பிபிஎம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாயு குளிரக் குளிர இந்த வினை வேகம் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே செல்லில் காணும் இரண்டின் விகிதம் உலைக்குள் இருந்த விகிதம் ஆகாது. கூட்டுத்தொகையை விளைச்சலாகக் கொள்ளுங்கள். விகிதத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், உலை வாயிலிலிருந்து செல் வரை வாயு செலவழித்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## 5. புறஊதா உட்கவர்ச்சியால் சரிபார்த்தல்

ஒரே பொருளை இரண்டு முறைகளில் அளந்து எண்கள் ஒத்துவந்தால்தான் எனக்கு நிம்மதி. நைட்ரஜன் டை ஆக்சைடு 300 முதல் 500 நா.மீ. வரை அகலமாக உட்கவரும், 400 நா.மீ. அருகே குறுக்குப்பரப்பு (ஒரு மூலக்கூறு ஒளியை மறிக்கும் பரப்பு) சுமார் 6 × 10⁻¹⁹ செ.மீ². பட்டை அகலமானது என்பதால் மேலே சொன்ன பிரிதிறன் சிக்கல் இங்கே பெரிதாக இல்லை.

செல் நீளத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். அறை வெப்பநிலையில் 1% என்பது ஒரு கன செ.மீ.க்கு 2.46 × 10¹⁷ மூலக்கூறுகள். 10 செ.மீ. செல்லில் ஒளி சுமார் 23 சதவீதமாகக் குறையும், நல்ல அளவீடு. அதே செல்லில் 50 பிபிஎம் என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான குறைவுதான். விளக்கின் ஆட்டத்திலேயே அது மறைந்துவிடும்.

இன்னொரு ஒளிந்த கணக்கு: நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டிரண்டாகச் சேர்ந்து டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகும். 25 டிகிரியில் 1% டை ஆக்சைடோடு சுமார் 0.07% டெட்ராக்சைடு சமநிலையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். ஆகவே டை ஆக்சைடில் உள்ள நைட்ரஜனில் சுமார் 14 சதவீதத்துக்குச் சமமான அளவு கணக்கில் வராமல் போகும். நூறு பிபிஎம் நிலையில் இதைப் புறக்கணிக்கலாம், சதவீத நிலையில் முடியாது.

டிபிடி உலை குளிர்ச்சியானது; அங்கே ஓசோனும் வரும். 254 நா.மீ.யில் அதன் குறுக்குப்பரப்பு சுமார் 1.15 × 10⁻¹⁷ செ.மீ², மிகக் குறைந்த செறிவும் தெரியும். ஓசோனும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து வாழாது. உடனே வினைபுரிந்து டை ஆக்சைடைத் தரும். ஒரே செல்லில் இரண்டும் கணிசமாகத் தெரிந்தால் அடையாளத்தை மறுபடி சோதியுங்கள்.

## 6. உமிழ்வுக்கு முன் மூன்று திருத்தங்கள்

அலைநீளம். பாதரச விளக்கின் 253.65, 313.16, 365.02, 404.66, 435.83, 546.07 நா.மீ. கோடுகளை வைத்து அச்சைச் சரிசெய்யவும். மென்பொருள் வெற்றிட அலைநீளம் தருகிறதா, காற்றில் உள்ள அலைநீளமா என்று பாருங்கள். 337 நா.மீ. அருகே வித்தியாசம் சுமார் 0.1 நா.மீ.; நுண்பிரிதிறன் கருவியில் இது ஒரு முழுக் கோட்டின் அகலம். இதே விளக்கின் ஒரு கோட்டின் வடிவத்தைச் சேமித்து வையுங்கள். 8ஆம் பகுதியில் கருவியின் வடிவச் சார்பாக, அதாவது கருவி ஒரு கோட்டை எப்படி அகலப்படுத்திக் காட்டுகிறது என்பதாக, அதுதான் பயன்படும்.

ஒளிச்செறிவு. கருவி 300 நா.மீ.யையும் 700 நா.மீ.யையும் ஒரே உணர்திறனோடு பார்ப்பதில்லை. டியூட்டீரியம்-டங்ஸ்டன் விளக்கைப் பிளாஸ்மா இருக்கும் இடத்திலேயே வைத்து, அதே சாளரம், அதே லென்ஸ், அதே ஃபைபர் வழியாக அளந்து திருத்த வளைகோடு எடுக்கவும். விளக்கை நேரடியாக ஃபைபர் முனையில் மாட்டினால் சாளரத்தின் இழப்பு கணக்கில் வராது. மின்முனை உலோகமும் நைட்ரேட்டும் சாளரத்தில் படியும் என்பதால் அன்றைய வேலை முடிந்த பின்னும் ஒரு முறை எடுங்கள். ஃபைபரும் தொடர்ந்து புறஊதா பட்டால் கடத்துதிறனை மெல்ல இழக்கும்.

இரண்டாம் வரிசை. நிறமாலைமானியில் ஒளியைப் பிரிக்கும் கீற்றணி 337.1 நா.மீ. ஒளியை 674.2இலும், 357.7ஐ 715.4இலும் மீண்டும் காட்டும். நைட்ரஜன் பிளாஸ்மாவில் புறஊதாப் பட்டைகள் வலுவானவை. சிவப்புப் பகுதியில் புதுக்கோடு கண்டுபிடித்தோம் என்று எழுதுவதற்கு முன் அலைநீளத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். குறுகிய அலைநீளத்தைத் தடுக்கும் வடிகட்டியைப் போட்டதும் அந்தக் கோடு மறைந்தால் அது போலிதான்.

உணரியின் நேர்கோட்டுத் தன்மையையும் சோதிக்க வேண்டும். பதிவு நேரத்தை இரட்டித்தால் எண்ணிக்கையும் இரட்டிக்க வேண்டும். உச்சம் கருவி வரம்பில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இருள் அளவீட்டை அதே பதிவு நேரத்தில் எடுத்துக் கழிக்கவும்.

## 7. பட்டைகளை அடையாளம் காணுதல்

காற்றுப் பிளாஸ்மாவில் முதலில் கண்ணில் படுவது நைட்ரஜனின் இரண்டாம் நேர்மறை அமைப்பு: 315.9, 337.1, 357.7, 380.5 நா.மீ. இவை மூலக்கூறு சி என்னும் கிளர்ந்த நிலையிலிருந்து அதற்குக் கீழான பி நிலைக்கு இறங்கும்போது வருபவை. சி நிலை அடிநிலையிலிருந்து 11 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. 391.4, 427.8 நா.மீ. பட்டைகள் நைட்ரஜன் அயனியுடையவை, இவற்றுக்கு 18.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 309 அருகே ஓஎச் (ஹைட்ராக்சில், OH) பட்டை தெரிந்தால் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜன் அணு 777 மற்றும் 844.6 நா.மீ.யிலும், நைட்ரஜன் அணு 746.8 நா.மீ.யிலும் தெரியும்.

நைட்ரஜன்-ஹைட்ரஜன் கலவையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. என்எச் (NH, ஒரு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) பட்டை 336.0 நா.மீ.; நைட்ரஜனின் மிக வலுவான பட்டையின் தலை 337.1. நைட்ரஜன் பட்டை குறுகிய அலைநீளப் பக்கமாக வால் விடும், அதாவது நேராக என்எச் மேல் விழும். 1 நா.மீ. பிரிதிறன் கருவியில் இரண்டையும் பிரிக்க முடியாது. 357.7 பட்டையின் உயரத்திலிருந்து 337.1இன் முழு வடிவத்தைக் கணித்துக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டுமே என்எச் என்று சொல்லுங்கள்.

அடுத்தது இந்தத் துறையின் மிகப் பரவலான தவறு: 226 முதல் 260 நா.மீ. வரை தெரியும் நைட்ரிக் ஆக்சைடின் காமா பட்டைகளை (236, 247, 259 அருகே) விளைச்சலின் அளவாக எடுத்துக்கொள்வது.

குளிர்ந்த பிளாஸ்மாக்களில் அந்த ஒளிக்குப் பெரும்பாலும் காரணம், கிளர்ந்த நைட்ரஜன் மூலக்கூறு, அதாவது நீண்ட ஆயுள் கொண்ட ஏ நிலை, தன் ஆற்றலை நைட்ரிக் ஆக்சைடுக்குக் கைமாற்றுவது. ஆக்சிஜனைக் கூட்டினால் ஏ நிலை ஆக்சிஜன் மோதலால் அணைந்துவிடும்; ஒளிரும் நைட்ரிக் ஆக்சைடும் அவ்வாறே அணையும். விளைவு: நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி ஏறிக்கொண்டிருக்கும்போதே காமா பட்டைகள் மங்கும். செல்லில் 4ஆம் பகுதியின்படி எடுத்த எண் பக்கத்தில் இருந்தால் இந்த முரண் உடனே கண்ணில் படும். அதற்காகத்தான் அந்தப் பகுதியை முன்னால் வைத்தேன்.

பிளாஸ்மாவுக்கு உள்ளேயே நைட்ரிக் ஆக்சைடை எண்ண வேண்டும் என்றால் 226 நா.மீ. லேசர் தூண்டிய ஒளிர்வு வேண்டும். அப்போதும் மோதல் அணைவைத் திருத்த வேண்டும்.

## 8. சுழற்சி வெப்பநிலை: வாயுவின் சூடு

காற்றில் இதற்கு நான் பரிந்துரைப்பது 380.5 நா.மீ. பட்டை. 337.1 வலுவானது என்றாலும் என்எச் தொல்லை உண்டு, 391.4 அருகே நைட்ரஜனின் 389.5 பட்டையும் 394.3 பட்டையின் வாலும் கலக்கும்.

1. கருவியின் வடிவச் சார்பை 6ஆம் பகுதியில் சேமித்த பாதரசக் கோட்டிலிருந்து எடுக்கவும். இதை மென்பொருளே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால், அகலமும் வெப்பநிலையும் ஒன்றை ஒன்று ஈடுசெய்து பொய்யான நல்ல பொருத்தம் தரும்.

2. மாசிவ்ஓஇஎஸ் அல்லது ஸ்பெக்ஏர் மென்பொருளில் பொருத்தவும். லிஃப்பேஸ் மென்பொருளில் நைட்ரஜனின் இரண்டாம் நேர்மறை அமைப்பு இல்லை. ஓஎச், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் அயனிக்கு அது உதவும்.

3. பொருத்தியபின் எச்சத்தை (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வேறுபாட்டை) வரைந்து பாருங்கள். எச்சத்தில் ஒழுங்கான அலை தெரிந்தால் வெப்பநிலை எண்ணை எழுதாதீர்கள். வேறொரு பட்டை கலந்திருக்கலாம், அல்லது பரவல் ஒரே வெப்பநிலைக்குரியதாக இல்லாமல் இருக்கலாம்.

ஆர்கான் கலந்த பிளாஸ்மாவில் இம்முறை ஏமாற்றும். கிளர்ந்த ஆர்கான் அணு நைட்ரஜனின் சி நிலைக்கு ஆற்றலை நேரடியாகத் தரும்போது மூலக்கூறு வேகமாகச் சுழன்றபடி பிறக்கும். வாயு குளிர்ந்திருந்தாலும் எண் உயரும். நீராவி சிதைந்து பிறக்கும் ஓஎச்சுக்கும் இதே நோய் உண்டு.

கிளைடிங் ஆர்க்கில் மற்றொரு சிக்கல், வில் நகர்ந்துகொண்டே இருப்பது. ஃபைபர் காண்பது பார்வைக்கோடு முழுவதின் சராசரி. அதிலும் வெளிச்சம் மிகுந்த சூடான மையமே மேலோங்கும். சில ஆயிரம் கெல்வின் என்று வரும் எண் மையத்தின் எண். உலையில் உள்ள வாயுவில் பெரும்பகுதி அந்தச் சூட்டைப் பார்த்திருக்காது. வாயுவின் சராசரி வெப்பநிலையாக இதை வினைவேகக் கணக்கில் போட்டால் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி பலமடங்கு பெரிதாக வரும்.

## 9. அதிர்வு வெப்பநிலை: எதன் அதிர்வு?

364 முதல் 381 நா.மீ. வரை உள்ள 380.5, 375.5, 371.0, 367.2 பட்டைகளின் விகிதத்திலிருந்து அதிர்வு வெப்பநிலை கிடைக்கும். கணக்கு எளிது. ஆனால் அது சி நிலையின் அதிர்வு. வினையில் பங்கெடுப்பது அடிநிலை மூலக்கூறு. எலக்ட்ரான் மோதல் அடிநிலையின் பரவலைச் சி நிலைக்கு அப்படியே நகலெடுப்பதில்லை. எதிலிருந்து எதற்குத் தாவுவது எளிது என்பது ஒவ்வொரு இணைக்கும் வேறு.

எனவே 'சி நிலை அதிர்வு வெப்பநிலை' என்று முழுப்பெயரோடு எழுதுங்கள். ஒரே உலையில் நிபந்தனைகளை மாற்றி ஒப்பிட அது பயன்படும். அடிநிலையை அளக்க ராமன் சிதறல் வேண்டும்: 532 நா.மீ. லேசரில் நைட்ரஜனின் 2,330 செ.மீ⁻¹ இடப்பெயர்ச்சி 607 நா.மீ. அருகே வரும். மேல் அதிர்வு நிலைகள் ஒவ்வொன்றும் சுமார் 1 நா.மீ. தள்ளி நீலப் பக்கம் நிற்கும் என்பதால் அவற்றைத் தனித்தனியே எண்ணலாம்.

## 10. 391.4 / 337.1 விகிதமும் ஆர்கான் ஒப்பீடும்

அயனிக்கு 18.7, மூலக்கூறுக்கு 11 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், இரண்டின் விகிதம் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் காட்டும், மின்புலத்தைக் கணக்கிடலாம். டிபிடியின் மின்னிழைகளில், மோதல் அணைவைத் திருத்திய பின், இது பொருந்தும். இரண்டு நிலைகளும் அடிநிலையிலிருந்து ஒரே தாவலில் நிரம்புகின்றன என்பதே அடிப்படை. கிளைடிங் ஆர்க்கில் படிப்படியான கிளர்வு வலுவாக இருப்பதால் இந்தச் சூத்திரத்தை அங்கே போடாதீர்கள்.

சிறிதளவு ஆர்கான் கலந்து 750.4 நா.மீ. கோட்டோடு ஒப்பிட்டு ஆக்சிஜன் அணுவை எண்ணும் முறையும் உண்டு. அதற்கு 777ஐ விட 844.6 நல்லது, 777 ஒளியில் ஆக்சிஜன் மூலக்கூறு உடையும்போதே வரும் பங்கு அதிகம். வளிமண்டல அழுத்தத்தில் அணைவுத் திருத்தம் பெரிதாகிவிடுவதால் புதியவர்கள் இதைத் தொடக்கத்தில் தொட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

## 11. அமோனியாவோ நீரில் கரைந்த பொருளோ என்றால்

வாயு அமோனியாவுக்கு 931, 967 செ.மீ⁻¹ இரட்டை உச்சம். குழாயைச் சூடாக வையுங்கள். குளிர்ந்த, ஈரமான சுவரில் அமோனியா ஒட்டிக்கொள்ளும்.

வாயுவை நீரில் குமிழவிட்டு எண்ணினால், நைட்ரிக் ஆக்சைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதை நினைவில் வையுங்கள். குமிழ்ப்புட்டி எண் எப்போதும் குறைவாகவே வரும். நைட்ரைட்டுக்கு கிரீஸ் வினைப்பொருளின் 540 நா.மீ., அமோனியத்துக்கு இண்டோஃபீனால் நீலத்தின் 655 நா.மீ. பயன்படும். பிளாஸ்மா தொட்ட நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். அமில நிலையில் அது நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும். மாதிரியை எடுத்தவுடன் அளக்கவும், அல்லது தாங்கல் கரைசலால் அமிலத்தன்மையைத் தணிக்கவும்.

மைக்ரோமோல் அளவில் அமோனியா கண்டோம் என்று சொல்வதற்கு முன் நைட்ரஜன்-15 ஐசோடோப்புச் சோதனை கட்டாயம். கைகளிலிருந்தும் அறைக்காற்றிலிருந்தும் அமோனியா வரும். அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் நைட்ரஜன்-15 அமோனியம் சுமார் 73 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டையாகவும், சாதாரண அமோனியம் 52 ஹெர்ட்ஸ் இடைவெளியில் மும்மையாகவும் தெரியும். நைட்ரஜன்-15 உருளையிலேயே ஐசோடோப்பு அமோனியா மாசாக இருக்கலாம். வாயுவை முதலில் அமிலத்தில் கழுவிச் செலுத்துங்கள்.

## 12. கணக்கை முடித்தல்

திறனைப் பிளாஸ்மாவிலேயே அளக்கவும். ஆர்க்கில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு கணமும் பெருக்கிச் சராசரி எடுக்க வேண்டும். டிபிடியில் மின்னூட்டம்–மின்னழுத்த வளையத்தின் பரப்பை அதிர்வெண்ணால் பெருக்க வேண்டும். சுவர்ச் செருகியின் திறனைத் தனியாகக் குறிப்பிடுங்கள். தொடர்மின்தடை போட்ட சுற்றில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும்.

ஓட்டக் கட்டுப்படுத்தி எந்த வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டது என்று பாருங்கள். ஒரு மோல் 0 டிகிரியில் 22.4 லிட்டர், 25 டிகிரியில் 24.5 லிட்டர். குழப்பிக்கொண்டால் 9 சதவீதப் பிழை.

ஒரு மாதிரிக் கணக்கு: 300 வாட், நிமிடத்துக்கு 5 லிட்டர் (0 டிகிரி அடிப்படை), மொத்த நைட்ரஜன் ஆக்சைடு 1%. நொடிக்கு வாயு 3.72 × 10⁻³ மோல், விளைபொருள் 3.72 × 10⁻⁵ மோல். ஒரு மோலுக்குச் செலவு சுமார் 8.1 மெகாஜூல். நைட்ரிக் ஆக்சைடு உருவாக வெப்ப இயக்கவியல் கேட்பது 0.09 மெகாஜூல்தான். உங்கள் கணக்கில் இதைவிடக் குறைவான எண் வந்தால் ஏதோ ஓர் அளவீடு தவறு.

கடைசியாக நைட்ரஜன் பட்டியல். நைட்ரிக் ஆக்சைடு, டை ஆக்சைடு, டெட்ராக்சைடு இருமடங்காக, நைட்ரிக் அமிலம், நைட்ரஸ் அமிலம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். நைட்ரஸ் ஆக்சைடைத் தனி வரியில் வையுங்கள். அது உரமாகப் பயன்படாது, பசுங்குடில் வாயுவும் கூட. அகச்சிவப்பும் புறஊதாவும் டை ஆக்சைடில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் உமிழ்வுத் தரவுகளை விளக்கத் தொடங்காமல் 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். செல்லின் வெப்பநிலை, அழுத்தம், பாதை நீளம் என்ற வரிசையில் தேடினால் பிழை பெரும்பாலும் முதல் இரண்டிலேயே அகப்படும்.